பிக்கப்புக்கு ஈசான மூலை எது?

போன கிழமை எங்கள் பிக்கப்பைச் சூனுக்குக் கொண்டுபோனோம்.

யாரும் பயப்பட வேண்டாம். டென்மார்க்கில் வாகனப் பரிசோதனைக்கு அதுதான் பெயர். வந்த புதிதில் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. எங்கள் ஊர் கிரின்ஸ்டெட்டில் நாலு தமிழ் ஆட்கள் சந்தித்தால், "இந்த மாசம் எங்களுக்குச் சூன்", "போன முறை சூனிலை பிழைச்சுப்போச்சு" என்று கதைப்பார்கள். இந்தக் குளிருக்குள் வந்தும் சூனியத்தை விடவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

பரிசோதகர் நீல உடுப்புப் போட்ட, சிரிக்காத மனிதர். பிரேக் பார்த்தார், விளக்குகள் பார்த்தார், கீழே போய் டோர்ச் அடித்துப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு வண்டியைச் சுற்றி நடந்து வந்தவர், பின்பக்கக் கதவில் இருந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டார்.

"இது என்ன?"

"ஓட்டை" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது தெரிகிறது. எதற்கு?"

"அன்ரெனாவுக்கு."

சாமான் ஏற்றும் பின்பெட்டியின் பக்கவாட்டில் இன்னொரு ஓட்டை. அதுவும் அன்ரெனாவுக்கு. கடைசியாக முன்பக்கம் வந்தார். இடது மூலையில், விளக்குக்கு மேலே, ஒரு இரும்புத் தகடு நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நுனியில் உள்ளங்கை அளவில் கறுப்பாக ஒரு சதுரம். இதுதான் அந்த அன்ரெனா என்று இவர் தாமாகவே சொல்லிவிட்டார்.

"இதைக் கழற்ற வேண்டும்" என்றார் பரிசோதகர். "விளிம்பு கூர். சைக்கிளில் போகிறவர் யாரிலாவது பட்டால் வெட்டும்."

இவரை, அதாவது பரமேஸ்வரனை, இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொட்டுகிற மழையில், ஒரு வாகனமும் இல்லாத தெருவில், பச்சை விளக்கு வரும்வரை நனைந்துகொண்டு நிற்கிற மனிதர். இந்த நாட்டில் நீல உடுப்புப் போட்டவர் எவர் எதைச் சொன்னாலும் "யா, யா" என்று தலையாட்டுவார். தபால்காரருக்குக்கூட யா, யாதான்.

அப்படிப்பட்டவர் அன்றைக்கு "நை" என்றார். முடியாது. கழற்ற மாட்டேன்.

பரிசோதகர் இவரையே பார்த்தார். நானும் பார்த்தேன்.

ஒரு பிக்கப்பில் சட்டலைட் ரேடியோ அன்ரெனாவை எங்கே பூட்டுவது? கேள்வி இவ்வளவுதான். அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

முதலில் பிக்கப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருக்கு வைலேயில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எனக்கும் வைலேயில்தான், சாமான் ஏற்றி அனுப்பும் கொம்பனி ஒன்றின் அலுவலகத்தில். பஸ்ஸை நம்பினால் வேலையை மறந்துவிடலாம். ஆகவே இருவரும் ஒன்றாகப் போவோம். கார் வாங்கியிருக்கலாம். ஆனால் சனி ஞாயிறுகளில் தோட்டம் வெட்டும் தொழில் தொடங்கலாம் என்று இவருக்கு ஒரு யோசனை வந்து, பிக்கப் வாங்கினார். தொழில் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள்.

கோயில் தேருக்கு வாழை கட்ட, சபைக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் ஏற்ற, பழுதான பிரிட்ஜை வீச, கலியாணத்துக்கு மணவறை கொண்டுபோக... கிரின்ஸ்டெட் தமிழருக்கு அது பொதுச்சொத்து. பெற்றோல் மட்டும் எங்களுடையது.

அடுத்தது ரேடியோ. சட்டலைட்டில் தமிழ் வானொலி பிடிக்கிற சின்னப் பெட்டி ஒன்று எங்கள் குசினி யன்னலில் இருந்தது. யன்னல் தெற்கே பார்த்தது. அதனால் அன்ரெனாவை யன்னல் விளிம்பில் சாய்த்துவைத்தால் போதும், பேசும். இலங்கையில் கடைசிப் போர் நடந்த மாதங்களில் அது வாயை மூடியதே இல்லை. இவர் அதன் முன்னால் நின்றபடியே சாப்பிட்டார்.

காரணம் மலரக்கா. இவருடைய ஒரே அக்கா. வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தை மாதத்துக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.

வைகாசியில் போர் முடிந்தது. எல்லோரும் முடிந்தது என்றுதான் சொன்னார்கள். அதன் பிறகு வானொலியில் புதிதாக ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள், அவர்களைத் தேடுகிறவர்கள், இறந்துபோனவர்கள் என்று எல்லாத் தகவலையும் ஒரு பெண் வாசிப்பார். ஒவ்வொன்றையும் இரண்டு தரம். எந்தத் தகவலானாலும் ஒரே குரல், ஒரே இழுவை. அது காலையில் நாங்கள் வைலேக்கு ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் வந்துவிடும்.

அதனால்தான் பெட்டியைப் பிக்கப்புக்குள் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. பொதுச்சொத்து அல்லவா? ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

போர் நடந்தபோது இவர்கள் எங்கள் வீட்டில் வரைபடம் விரித்து, எந்தக் குளத்துக்கு எந்தப் பக்கத்தால் ஆமிக்காரன் வருவான், எங்கே மறித்து அடிக்கலாம் என்று ராணுவ விளக்கம் தந்தவர்கள். அந்த வரைபடத்தில் விளக்குவதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை. கையிலே அன்ரெனா கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் மகள் அபி செய்முறைப் புத்தகத்தை வாசித்துவிட்டு டேனிஷில் சொன்னாள்: "கூரையின் நடுவில் வையுங்கள். அங்கேதான் எல்லாப் பக்கமும் வானம் தெரியும்."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். சிவலிங்கம் அண்ணை இருக்கும்போது எது முடிந்திருக்கிறது?

சிவலிங்கம் அண்ணை கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். வாஸ்து பார்ப்பார். கிரின்ஸ்டெட்டில் தமிழர் எவர் வீடு எடுத்தாலும் கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று அவரைக் கேட்காமல் குடிபுகுவதில்லை. அவருடைய பிளாட் வடக்குப் பார்த்தது. யன்னல், பல்கனி எல்லாம் வடக்கு. வெயிலே வராது. ஆனால் குபேர திசை என்று அதைத் தேடி எடுத்தவர்.

"கூரையிலை வைக்கேலாது தம்பி" என்றார். "தேருக்கு வாழை எங்கை கட்டுறது?"

"ஓம் பிரதர்" என்று சேர்ந்துகொண்டார் எட்வேட் அண்ணை. அவர் பெந்தகோஸ்தே சபை. ஆயுளில் முதல்முறையாக இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். "எங்கட கூடாரத் தடியளும் மேலைதானே கட்டுறது."

எட்வேட் அண்ணையிடம் ட்ரில் இருக்கிறது. அவருடைய கை எப்போதும் பேச்சுக்கு முந்திவிடும். "பின் கதவிலை வைப்பம்" என்று யாரோ தொடங்கினார்கள். அந்த வசனம் முடியுமுன் அங்கே ஓட்டை விழுந்துவிட்டது. கதவைத் திறந்தால் அன்ரெனா நிலத்தைப் பார்க்கும் என்று பிறகு தெரிந்தது. பின்பெட்டியின் பக்கவாட்டில் இன்னொன்று போட்டார். அந்த இடம் பிரிட்ஜ் ஏற்றினால் மறைந்துவிடும்.

"எங்கை வைச்சாலும் தெற்கைப் பாத்திருக்க வேணும்" என்றேன் நான். "டென்மார்க்கிலை இருந்து பாத்தால் சட்டலைட் தெற்கிலை, அடிவானத்துக்குக் கிட்ட பதிவாத்தான் நிக்குதாம். குசினியிலையும் அப்பிடித்தானே வச்சிருக்கிறம்."

தெற்கு என்றதும் எல்லோருடைய முகமும் மாறியது.

"தெற்கோ?" என்றார் சிவலிங்கம் அண்ணை. "தங்கச்சி, அது எமன்ரை திசை. சனம் செத்துக்கொண்டிருக்கிற நேரத்திலை அந்தப் பக்கம் வாயைத் திறந்து வைக்கிறதோ?"

"எமனை விடுங்கோ பிரதர், அதெல்லாம் மூடநம்பிக்கை" என்றார் எட்வேட் அண்ணை. "ஆனால் தெற்கைப் பாத்து எங்களுக்கு எப்ப நல்லது நடந்தது? இவ்வளவு அழிவும் அங்கையிருந்துதானே வந்தது."

ஆன்மிகமும் அரசியலும் கைகோத்தால் பிறகு யார் நிற்க முடியும்?

சிவலிங்கம் அண்ணை பிக்கப்பைச் சுற்றி வந்தார். அது முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்றது. முன்பக்க இடது மூலையில் கையை வைத்தார். "இதுதான் ஈசான மூலை. இதிலை பூட்டுங்கோ. முகத்தை வடக்குப் பக்கம் சரிச்சு விடுங்கோ."

அபி மறுபடி டேனிஷில், சட்டலைட் தெற்கில் அல்லவா நிற்கிறது என்றாள்.

"சட்டலைட் எங்கை நிண்டால் என்ன பிள்ளை? எங்கட செய்தி வடக்கிலை இருந்துதானே வருகுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே ஒரு கணம் அது சரி என்று பட்டது, பாருங்கள்.

பூட்டினார்கள். பெட்டியைப் போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. நிற்கிற வண்டிக்கு வராது, ஓடினால் வரும் என்று எட்வேட் அண்ணை தேற்றினார். தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

நான் அபியிடம் தமிழில் கேட்டேன்: "ஓடுற வண்டிக்கு ஈசான மூலை எது?" அவள் முதன்முறையாக எனக்குத் தமிழில் பதில் சொன்னாள்: "தெரியாது அம்மா."

விளைவு என்ன? காலையில் வைலேக்கு, அதாவது கிழக்கே ஓடும்போது, அன்ரெனா வடக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊமை. பின்னேரம் மேற்கே திரும்பி வரும்போது அதே இடது பக்கம் தெற்காகிவிடும். வாய் திறக்கும். அப்போது வருவது என்ன? நகைக்கடை விளம்பரம், ராசிபலன், பிறந்தநாள் வாழ்த்து. மலரக்காவின் சேதி வரக்கூடிய நேரத்தில் மௌனம். மகர ராசிக்காரருக்கு வாகன யோகம் என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"கழட்டித் திருப்பி விடுங்கோவன்" என்று இவரிடம் சொன்னேன்.

"சிவலிங்கமண்ணை மனம் நோவார்" என்றார்.

அடுத்த நாளும் சொன்னேன். ஸ்பனர் இல்லை என்றார். யன்னல் தொழிற்சாலையில் ஸ்பனர் இல்லையாம். நான் விட்டுவிட்டேன்... கொஞ்ச நாளைக்கு.

ஒரு காலை, கிரின்ஸ்டெட்டை விட்டு வெளியேறுகிற சுற்றுவட்டத்துக்குக் கிட்ட வரும்போது எனக்கு அடக்க முடியவில்லை. "உங்களுக்கு அந்த அறிவித்தலைக் கேக்கப் பயம்" என்றேன். "அதுதான் திருப்பாமல் வச்சிருக்கிறியள்."

இவர் வைலேக்குப் போகிற வாயிலை விட்டுவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் தவறவிடாத வாயில். பிக்கப் வட்டத்தைச் சுற்றி வடக்குப் பக்கம் வந்தது. இந்த நாட்டில் வட்டத்தை இடஞ்சுழியாகத்தான் சுற்றுவது, ஆகவே அங்கே வண்டி மேற்கே திரும்பும் அல்லவா? இடது மூலை தெற்கைப் பார்த்தது. பெட்டி பேசியது.

"...டென்மார்க், கிரின்ஸ்டெட்டில் வசிக்கும் பரமேஸ்வரனின் அன்புச் சகோதரி தவமலர்..."

வண்டி வளைந்தது. சத்தம் நின்றது.

தவமலர் என்பது மலரக்கா.

அன்புச் சகோதரி... இந்தச் சொல்லை நாங்கள் வேறு எங்கே கேட்டிருக்கிறோம்? மரண அறிவித்தலில். அன்பு மனைவி, பாசமிகு தாய், அன்புச் சகோதரி. உயிரோடு இருக்கிற அக்காவை யார் அன்புச் சகோதரி என்று சொல்கிறார்கள்?

டேனிஷ்காரனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆளைச் சொன்ன கையோடு இருக்கிறாரா இறந்தாரா என்று சொல்லிவிடுவான், மிச்சமெல்லாம் பிறகு. எங்கள் மொழியில் ஊர் வரும், பெயர் வரும், உறவு வரும், முகாம் வரும். வினைச்சொல் மட்டும் கடைசியில் வரும்.

இவர் மறுபடி சுற்றினார். வடக்குப் பக்கம். "...வவுனியாவில்..." மறுபடி அறுந்தது. வவுனியாவில் முகாமும் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது, சவச்சாலையும் இருக்கிறது.

மேற்கு வாயிலால் வெளியேறி வீட்டுப் பக்கம் ஓடியிருந்தால் முழுவதும் கேட்டிருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஓம், கேட்டிருக்கும். வேலைக்குப் புறப்பட்ட மனிதர் இவர். வீட்டுப் பக்கம் திரும்பலாம் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் தரம் வடக்குப் பக்கம் வந்தபோது நான் அவருடைய கையைப் பிடித்தேன். "நில்லுங்கோ. இதிலேயே நில்லுங்கோ."

பச்சை விளக்குக்கு நனைகிற மனிதர், சுற்றுவட்டத்தின் நடுவே பிரேக்கைப் போட்டார்.

"மீண்டும் ஒருமுறை வாசிக்கிறேன்" என்றார் வானொலிப் பெண், அவசரமே இல்லாமல்.

பின்னால் வாகனங்கள் நின்றன. ஒரு லொறி, பால் வண்டி, கார்கள். டேனிஷ்காரர் ஹோர்ன் அடிக்க மாட்டார்கள். காரொன்றிலிருந்து ஒரு பெண் இறங்கிவந்து என் பக்கக் கண்ணாடியில் மெதுவாகத் தட்டினாள். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவளும் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் காலையில் டென்மார்க்கின் யூலண்டில் ஒரு தெரு முழுவதும் ஒரு தமிழ் வினைச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"...பரமேஸ்வரனின் அன்புச் சகோதரி தவமலர், வவுனியாவில் உள்ள முகாமில் நலமாக இருக்கிறார் என்பதை அறியத் தருகிறோம்."

இருக்கிறார்.

முட்கம்பிக்குள் என்ன நலம் என்று பிறகு கேட்கலாம். இருக்கிறார். இவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். இவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தரம். நானும் அழுதேன்.

அந்தப் பெண் மறுபடி தட்டினாள். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். இவர் கண்ணாடியை இறக்கி, "என் அக்கா உயிரோடு இருக்கிறா" என்று டேனிஷில் சொன்னார். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தில்லுக்க" என்றாள். இங்கே பிறந்தநாளுக்குச் சொல்கிற வாழ்த்து அது.

அன்று பின்னேரமே சிவலிங்கம் அண்ணை வந்துவிட்டார். "பாத்தியளோ? ஈசான மூலை கைவிடாது எண்டு சொன்னனான்."

அந்த நேரம் உங்களுடைய ஈசான மூலை எமன் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இவர் முந்திக்கொண்டு, "ஓம் அண்ணை" என்றார். சந்தோசக்காரர் எதற்கும் ஓம் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை அண்ணை பிக்கப் கேட்டார். கோயில் சாமானோ என்று கேட்டேன். "சும்மா, ஒரு சின்ன அலுவல்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே சின்ன அலுவல். பின்பெட்டியில் ஒரு வாழையிலைகூட ஏறியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நான் சைக்கிளில் கடைக்குப் போனபோது பிக்கப்பைக் கண்டேன். சுப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால், வெறுமையான பார்க்கிங்கில், மேற்கே பார்த்து நின்றது. மேற்கே பார்த்தால் அன்ரெனா எங்கே பார்க்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். உள்ளே சிவலிங்கம் அண்ணை இருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வண்டி ஓடவில்லை.

கண்ணாடியில் தட்டினேன். இறக்கினார்.

"என்னண்ணை, இதிலை?"

"என்ரை தம்பி ஒருத்தன் வன்னிக்குள்ளை நிண்டவன், தங்கச்சி" என்றார். "ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வீட்டிலை இந்த ரேடியோ எடுக்காது. வடக்குப் பாத்த வீடெல்லே..."

மேலே ஏதோ சொல்ல வந்தவர், பெட்டிக்குள் அந்தப் பெண்ணின் குரல் அடுத்த தகவலைத் தொடங்கியதும் விரலை உதட்டில் வைத்தார். நான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். நெதர்லாந்தில் யாரோ ஒருவருடைய மாமியாரைப் பற்றிய தகவல் அது. கடைசிச் சொல்வரை இருவரும் கேட்டோம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

பிறகுதான் இந்தச் சூன். இவர் "நை" சொன்னதும் பரிசோதகர், "அது அவ்வளவு முக்கியமா?" என்று கேட்டார். இவருக்கு டேனிஷில் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "ஒரு ஆள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று மட்டும் சொன்னார்.

பரிசோதகர் உள்ளே போனார். எதையாவது எழுதிக்கொண்டு வரப்போகிறார் என்று நினைத்தேன். பழைய ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றோடு வந்தார். நீளவாட்டில் கத்தியால் கீறி, தகட்டின் விளிம்பில் மாட்டினார். கையால் தடவிப் பார்த்தார். பாஸ் என்றார். மற்ற இரண்டு ஓட்டைகளையும் அடைக்கச் சொன்னார், துரு ஏறுமாம். யா, யா என்றார் இவர்.

போர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எவ்வளவு இலகுவாக ஒரு வசனத்தை முடித்துவிடுகிறார்கள். சிவலிங்கம் அண்ணையின் வசனத்துக்கு இன்னும் வினைச்சொல் வரவில்லை.

ஆகவே கிரின்ஸ்டெட் வாசகர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பிக்கப் வழக்கம்போல உங்களுடையதுதான். சனிக்கிழமை காலையில் மட்டும் கேட்காதீர்கள்.